மகன் வீடு காம்பவுண்டுக்குள்: உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா, பஹ்ரைனில் சந்திப்பதா?

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி போன மாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மகன் சவூதியில், கோபரில் இருக்கிறான். காம்பவுண்டில் வீடு, இரண்டு பேரப்பிள்ளைகள். "விசிட் விசா எடுக்கறேன், மூணு மாசம் வந்து இருங்கம்மா" என்கிறானாம். அவள் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் சுவருக்குள் இருக்க வேண்டுமே என்ற தயக்கம்; பக்கத்திலேயே மாத வாடகைக்கு ஒரு ஃபர்னிஷ்ட் அபார்ட்மெண்ட் பார்க்கச் சொல்கிறார். மருமகளோ எல்லோருமாக பஹ்ரைனில் ஒரு வாரம் இருக்கலாம் என்கிறாள். "நீ மூணையும் செஞ்சு பாத்தவ, எதுன்னு சொல்லு" என்று கேட்டாள்.

ஆமாம், எங்கள் மகனும் கோபரில்தான் இருக்கிறான். முதல் தடவை அவன் வீட்டிலேயே எண்பது நாள் இருந்தோம். அடுத்த தடவை வெளியே வாடகைக்கு ஒரு மாதம். அதற்கடுத்து பஹ்ரைனில் எட்டு நாள். அவளிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற பெற்றோர் நிறையப் பேர் இருப்பார்கள்.

## காம்பவுண்ட் என்பது என்ன

எண்ணெய் தேடி 1930களில் வந்த அமெரிக்கர்கள், கோபருக்குப் பக்கத்தில் தஹ்ரானில் தங்களுக்கென்று வேலி போட்ட குடியிருப்பு ஒன்றை அமைத்தார்கள். 1938இல் அங்கே ஏழாவது கிணற்றில் எண்ணெய் பெருகிய பிறகு அது ஒரு ஊராகவே வளர்ந்தது. சவூதி எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவின் பெயரால் அராம்கோ கேம்ப் என்று இன்றும் சொல்கிறார்கள். மற்ற கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் காம்பவுண்டுகள் அதைவிடச் சின்னவை, ஆனால் வாழ்க்கை ஏறத்தாழ அதே மாதிரிதான். சுவருக்குள் நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட இடம், ஒரு சின்னக் கடை. உடைக்கு மேல் போடும் நீள அங்கியான அபாயா இல்லாமல் பெண்கள் நடக்கலாம். நாட்டில் பெண்கள் கார் ஓட்ட 2018 ஜூனில்தான் அனுமதி வந்தது. அராம்கோ கேம்புக்குள் அதற்குப் பல வருடம் முன்பே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசல் காவலுக்கும் ஒரு கதை உண்டு. 2003 மே மாதம் ரியாத்திலும், 2004 மே மாதம் கோபரிலும் வெளிநாட்டவர் குடியிருப்புகளைத் தீவிரவாதிகள் தாக்கினார்கள். கோபரில் 22 பேர் உயிர் போனது, அதில் இந்தியர்களும் இலங்கையரும் உண்டு. கான்கிரீட் தடுப்புகள், காருக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பது, விருந்தாளியின் பாஸ்போர்ட் நகலைக் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகு இறுகியவை. முதல் வாரம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகு வாசலில் நிற்கிற காவலரைப் பார்த்து ஒரு வணக்கம் வைக்காமல் நான் போனதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதல் தடவை கிளம்பியபோது யோசித்தது டிக்கெட் விலை, விசா, பெட்டியின் எடை மட்டும்தான். இப்போது கேட்டால் முதலில் வைப்பது பகல் பொழுதை. மகன் காலை ஏழுக்குள் கிளம்பிவிடுவான். பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்து கொண்டுபோய்விடும். அதிலிருந்து மதியம் இரண்டு, மூன்று மணி வரை நாம் என்ன செய்யப் போகிறோம்? யாருடைய உதவியும் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் போக முடியும்?

அப்புறம் பேரப்பிள்ளைகளோடு கிடைக்கும் நேரம். மகன், மருமகள் தலையில் ஏறும் வேலை. வெளியில் தெரியாத செலவுகளையும் சேர்த்த மொத்தக் கணக்கு. முட்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நம் உடம்பு கேட்பவை. இந்த ஐந்தும் போதும்.

| | மகன் வீட்டில் | வெளியே வாடகைக்கு | பஹ்ரைனில் |
|---|---|---|---|
| பகல் பொழுது | சுவருக்குள் தாராளம், வெளியே போக கார் வேண்டும் | நடந்தே கடைக்குப் போகலாம் | எல்லோரும் விடுமுறையில், கவலையில்லை |
| பேரப்பிள்ளைகள் | நாள் முழுதும் | வெள்ளி, சனி மட்டும் | எட்டு நாளும் கூடவே |
| பிள்ளைகளுக்குப் பாரம் | அறை, சமையல், அனுமதிக் கடிதம் | தினம் மாலை கார் ஓட்டம் | விடுப்பு, ரீ-என்ட்ரி செலவு |
| நம் செலவு | டிக்கெட், விசா, காப்பீடு | அதோடு வாடகை, பாத்திரம் பண்டம் | டிக்கெட், விசா, ஓட்டல் |
| உடம்புக்கு | மிக நல்லது | லிஃப்ட், வெயில் பார்க்க வேண்டும் | குறுகிய காலம், சமாளிக்கலாம் |
| ஏற்ற காலம் | மூன்று முதல் ஐந்து வாரம் | ஒரு மாதமும் அதற்கு மேலும் | ஐந்து முதல் எட்டு நாள் |

## மகன் வீட்டில் தங்குவது

பேத்திக்கு அப்போது நான்கு வயது. காலையில் எழுந்ததும் தலை வாராமல் நேராக எங்கள் கட்டிலுக்கு வருவாள். பள்ளியிலிருந்து வந்ததும் எனக்குத்தான் முதல் கதை. குளித்துவிட்டுத் தயிர்சாதம், ஒரு தூக்கம், மாலையில் சறுக்கு மரம். அவள் தமிழ் பேச ஆரம்பித்தது அந்த எண்பது நாளில்தான். அதற்கு முன்னால் இங்கிலீஷிலும் இந்தியிலும் பதில் சொல்வாள். இதை வேறு எந்த ஏற்பாடும் தராது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உடம்புக்கும் இதுதான் வசதி. காம்பவுண்டுத் தெருவில் கார்கள் மெதுவாகப் போகும், நடைபாதை சமமாக இருக்கும், ஒரு சுற்று முக்கால் கிலோமீட்டர் வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலையிலும் மாலையிலும் நடக்க அருமையாக இருக்கும். மாலையில் சறுக்கு மரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் என்னைப் போல வந்திருந்த பாட்டிகள் கூடுவார்கள். கோட்டயத்திலிருந்து ஒருவர், குண்டூரிலிருந்து ஒருவர், எகிப்திலிருந்து ஒருவர். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேச மொழி பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் இல்லை. ஊரில் காலை ஆறு மணிக்குப் பேப்பர் வாங்கக் கிளம்பினால் டீக்கடை, கோவில், காய்கறிக் கடை எல்லாம் முடித்து எட்டு மணிக்கு வருகிற மனிதர். அங்கே பத்து மணிக்குத் தெருவில் தோட்ட வேலை செய்பவர்களைத் தவிர ஆளே இருக்காது. வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை, நடந்து போக ஒரு பக்காலா, அதாவது சின்ன மளிகைக் கடை கூட இல்லை. கடைக்குப் போக காம்பவுண்டுப் பேருந்து வாரம் இரண்டு நாள். ஊபர் கூப்பிடலாம், ஆனால் எங்கள் மகன் இருந்த இடத்தில் வாடகைக் காரை உள்ளே விடமாட்டார்கள், வாசல் வரை நடக்க வேண்டும். ஆறாவது வாரம் அவர் பேச்சே குறைந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து மகனும் சோர்ந்துபோனான். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் முன்கூட்டியே யோசித்திருந்தால் ஐந்து வாரத்தில் திரும்பியிருப்போம்.

செலவில்லாத ஏற்பாடு மாதிரி தெரிந்தாலும் உள்ளே சில கணக்குகள் இருக்கின்றன. வீட்டைக் கொடுத்தது கம்பெனி. விருந்தாளி முப்பது நாளுக்கு மேல் தங்கினால் காம்பவுண்டு மேனேஜ்மெண்டிடமும் கம்பெனியிடமும் எழுதி வாங்க வேண்டும் என்பது நாங்கள் போன பிறகுதான் தெரிந்தது. மகன் இரண்டு நாள் அலைந்தான். எங்களுக்குக் கொடுத்தது பேத்தியின் அறை. அவள் அப்பா அம்மா அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். ஒரு மாதம் வரை அது அவளுக்குத் திருவிழா, அதற்குப் பிறகு அழுகை. இன்னொன்று, பாட்டி இருக்கிறாள் என்ற தைரியத்தில் மருமகள் மதிய நேர வேலை ஒன்றை ஒத்துக்கொண்டாள். நான் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் கிளம்பும் வாரத்தில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

சமையலறையில் ஒரு எச்சரிக்கை. கூரையில் புகையைக் கண்டறியும் கருவி இருக்கும். நான் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு, அலாரம் அடித்து, பாதுகாப்பு ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். மிளகாய் தாளிப்பதற்கு முன்னால் புகைபோக்கி விசிறியைப் போட்டுவிடுங்கள்.

## வெளியே மாத வாடகைக்கு

இரண்டாவது தடவை கோபர் ஊருக்குள் ஒரு படுக்கையறை உள்ள ஃபர்னிஷ்ட் அபார்ட்மெண்ட் எடுத்தோம். மாதம் 4,500 ரியால், நம் பணத்தில் ஒரு லட்சத்தை ஒட்டி. மகன் வேண்டாம் என்றுதான் சொன்னான். என் வீட்டுக்காரர் விடவில்லை.

அவருக்கு அந்த மாதம் பொற்காலம். கீழே இறங்கினால் மலையாளி டீக்கடை, கட்டஞ்சாயா. நாலாவது நாளே ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நண்பராகிவிட்டார், முப்பது வருடமாகக் கோபரின் தொக்பா பகுதியில் இருப்பவர். அவரோடு சேர்ந்து லூலு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவார். மாலையில் நானும் என் வீட்டுக்காரரும் கோர்னிஷ் என்கிற கடற்கரை நடைபாதையில் கடலைப் பார்த்து நடப்போம். தொழுகை நேரத்தில் கடைகள் மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2021இல் போய்விட்டது. ஆனாலும் சின்னக் கடைகள் பல மூடுகின்றன, நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். நான் வெளியே போகும்போது சுடிதார் மேல் ஒரு தளர்வான மேலங்கி போட்டுக்கொண்டேன். அபாயா கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை, அடக்கமான உடை போதும்.

எனக்கு அந்த மாதம் பாதிதான் நிறைந்தது. மகன் ஆபீஸ் முடிந்து நேராக எங்களிடம் வருவான், ஒரு மணி நேரம் உட்காருவான், கண்ணில் தூக்கம் வழியும். பேத்தி எட்டு மணிக்குத் தூங்க வேண்டும், அதனால் பள்ளி நாட்களில் வர மாட்டாள். வெள்ளியும் சனியும்தான் அவளைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்து, அவள் பத்து கிலோமீட்டர் தள்ளித் தூங்குகிறாள் என்று நினைத்தபடி எத்தனையோ இரவு விழித்திருந்தேன்.

செலவு வாடகையோடு நிற்பதில்லை. சமையலறையில் இரண்டு பாத்திரமும் ஒரு மின் அடுப்பும்தான் இருந்தன. குக்கர், தோசைக்கல், டப்பாக்கள் எல்லாம் வாங்கினோம். குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள், கேனில் வாங்க வேண்டும். முன்பணம் உண்டு. கட்டடத்தில் லிஃப்ட் ஒரு நாள் நின்றுபோய், மூன்றாவது மாடிக்கு நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எடுப்பதானால் தரைத்தளம் அல்லது முதல் மாடி பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை இந்த ஏற்பாட்டை யோசிக்கவே வேண்டாம். பகலில் 45 டிகிரியைத் தொடும், கடற்கரை ஊர் என்பதால் புழுக்கமும் சேரும். நடந்து போகலாம் என்பதுதானே இதன் ஒரே லாபம், அது போய்விடும்.

பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகி, காம்பவுண்டு வீட்டில் இடம் குறைவாக இருந்தால் இது நல்ல வழி. மகன் தனியாள், இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறான் என்றாலும் இதுதான் வழி.

## பஹ்ரைனில் ஒரு வாரம்

கோபரையும் பஹ்ரைனையும் 25 கிலோமீட்டர் கடல் பாலம் சேர்க்கிறது. கிங் ஃபஹத் காஸ்வே, 1986இல் திறந்தது. சென்னையிலிருந்து கல்ஃப் ஏர் நேராக பஹ்ரைன் போகிறது. பஹ்ரைனுக்கான விசாவை நாமே இணையத்தில் எடுத்துவிடலாம், மகன் அழைப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த எட்டு நாளும் மகன் ஃபோனை அணைத்துவிட்டு எங்களோடு இருந்தான். இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். காம்பவுண்டில் எண்பது நாள் இருந்தபோது அவன் எனக்கு முழுதாகக் கிடைத்த நாட்களை எண்ணினால் இருபது தேறாது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இருநூறு வருடம் தாண்டிய கிருஷ்ணர் கோவில் ஒன்று இருக்கிறது, ஸ்ரீநாத்ஜி கோவில். சவூதியில் கோவிலோ தேவாலயமோ கிடையாது. ஐந்து வருடமாகக் கோவில் வாசலையே பார்க்காத பேத்தி அங்கே மணியை அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செலவு பிள்ளைகள் பக்கம் விழுகிறது. இக்காமாவில், அதாவது அங்கே வசிப்பதற்கான அனுமதி அட்டையில் இருப்பவர்கள் சவூதியை விட்டு வெளியே போய்த் திரும்ப எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி வேண்டும், ஒருமுறை போய்வர ஆளுக்கு 200 ரியால். நாலு பேர் குடும்பத்துக்கு 800. பஹ்ரைன் விசாவும், காருக்கு அந்த நாட்டு இன்சூரன்சும் தனி. வியாழன், வெள்ளி இரவுகளில் சவூதியிலிருந்து கூட்டம் வரும், மனாமாவில் ஓட்டல் வாடகை ஏறும், காஸ்வேயில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். ஞாயிறு முதல் புதன் வரை அறை எடுப்பது மலிவு.

குறை ஒன்றுதான். மகன் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான், மருமகள் சமையலறை எப்படி இருக்கிறது, இதையெல்லாம் கண்ணால் பார்க்காமலே திரும்ப வேண்டும். முதல் பயணத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் பார்க்க வேண்டியவை

சவூதி விசிட் விசாவை இக்காமா உள்ள பிள்ளைதான் அங்கே வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் கேட்க வேண்டும். அனுமதி வந்த பிறகு நாம் இங்கே விசா மையத்துக்குப் போய்க் கைரேகை கொடுத்து ஸ்டாம்பிங் முடிக்கிறோம். பலமுறை நுழையும் விசா இருந்தபோது, தொண்ணூறு நாள் முடிவதற்குள் காஸ்வே தாண்டி பஹ்ரைன் போய் வந்து நாளைப் புதுப்பித்துக்கொள்வார்கள். 2025 தொடக்கத்தில் இந்தியா உட்பட 14 நாட்டவருக்கு அதை நிறுத்தி, 30 நாள், ஒருமுறை நுழைவு என்று சுருக்கினார்கள். இந்த விதி அடிக்கடி மாறும். "மூணு மாசம்" என்று மகன் சொன்னால், எந்த விசா, எத்தனை நாள், நீட்டிக்க முடியுமா என்று விண்ணப்பிக்கும் வாரத்தில் அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் இருந்துகொண்டு நடுவில் பஹ்ரைனுக்குப் போனால் அதோடு விசா முடிந்தது, திரும்ப உள்ளே வர முடியாது. நாள் தாண்டித் தங்கினால் அழைத்த பிள்ளைக்கும் அபராதம் வரும். மக்காவில் உம்ரா வழிபாடு செய்ய நினைக்கிற பெற்றோர் விசிட் விசாவிலேயே நுசுக் செயலியில் பதிந்து போகலாம். ஹஜ் காலத்தில் மட்டும் இந்த விசாவோடு மக்காவுக்குள் விட மாட்டார்கள்.

மருந்துப் பெட்டியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு நம் ஊர் டாக்டர்கள் சாதாரணமாக எழுதும் பிரெகாபலின், வலிக்கான டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் கடிதமும் முன் அனுமதியும் இல்லாமல் எடுத்துப் போகக் கூடாது. கசகசா அறவே கூடாது. வீட்டில் அரைத்த குருமா பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொட்டலத்தை இங்கேயே வைத்துவிடுங்கள். விசாவோடு வரும் காப்பீடு அவசரத்துக்குத்தான். வழக்கமான பரிசோதனைகளை முடித்துவிட்டு, தங்கும் நாளுக்கும் அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

## யாருக்கு எது

பத்து வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகள் இருந்தால் மகன் வீடு. ஆனால் ஐந்து வாரத்துக்கு மேல் வேண்டாம், டிசம்பரை ஒட்டிப் போங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், வாடகைக் கார் உள்ளே வருமா, யார் அறையை நமக்குத் தரப் போகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். வெளியே அலையாமல் இருக்க முடியாதவர் வீட்டில் இருந்தால், ஒரு மாதம் வாடகை வீடு. பணமும் விடுப்பும் குறைவு, அல்லது ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்று என்றால் பஹ்ரைன்.

என் தோழிக்கு இவற்றில் இரண்டைச் சேர்த்துச் சொன்னேன். அடுத்த தடவை நாங்களும் அப்படித்தான் போகப் போகிறோம். போகும்போது கோபருக்குப் பக்கத்து விமான நிலையமான தம்மாமுக்கு டிக்கெட், நாலு வாரம் மகன் வீட்டில். அவள் வீட்டுக்காரருக்காக வாரம் இரண்டு காலை மகன் ஆபீஸ் போகும் வழியில் கோர்னிஷ் பக்கம் இறக்கிவிட வேண்டும், மதியம் அவர் ஊபரில் திரும்பிவிடுவார். கடைசி வாரம் மகன் நாலு நாள் விடுப்பு போட்டு எல்லோரையும் காரில் பஹ்ரைனுக்கு அழைத்துப்போவான். ஒருமுறை நுழைவு விசா அங்கே முடிந்தாலும் பரவாயில்லை, எப்படியும் ஊருக்குக் கிளம்புகிறோம். கோவிலுக்குப் போய்விட்டு, பேரப்பிள்ளைகளோடு ஓட்டலில் மூன்று இரவு. அங்கிருந்தே சென்னைக்கு விமானம்.

அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, இறக்கிவிடுவது வாரம் மூன்று நாளாக இருக்கட்டும் என்றிருக்கிறார். மகனும் சரி என்று சொல்லிவிட்டான். ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்புகிறார்கள்.